சனிப்பெயர்ச்சிக்கு ஏன் ரெண்டு தேதி? அங்க ஆரம்பிச்சு பிக் பேங் வரைக்கும்

கீழ் வீட்டு தம்பி, இன்ஜினியரிங் ரெண்டாவது வருஷம், ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். ஒண்ணு இல்ல, மூணு. "அங்கிள், சனிப்பெயர்ச்சி தேதிக்கு எங்க பாட்டியும் பெரியப்பாவும் சண்டை போடுறாங்க, ரெண்டு பஞ்சாங்கத்துல ரெண்டு தேதி, எது கரெக்ட்? ஆர்யபட்டா 499லயே எல்லாத்தையும் சொல்லிட்டாரு, வெள்ளைக்காரன் பேர் வாங்கிட்டு போயிட்டான்னு சொல்றாங்களே நிஜமா? முதல்ல பூமி நடுவுலன்னாங்க, அப்புறம் சூரியன் நடுவுலன்னாங்க, இப்ப நடுவுன்னே ஒண்ணு இல்லன்றாங்க, அப்ப பிக் பேங்கும் நாளைக்கு தப்புன்னு சொல்லுவாங்கதானே, எதுக்கு நம்பணும்?"

தம்பி, மூணும் ஒரே கேள்விதான், உனக்கே தெரியாம சரியான வரிசையில கேட்டுட்ட. சனிப்பெயர்ச்சியில இருந்தே வரேன்.

அந்த ரெண்டு பஞ்சாங்கம் திருக்கணிதம், வாக்கியம். 2023ல என்ன ஆச்சுன்னு பாரு. திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்கு போனது ஜனவரி 17. வாக்கியப்படி டிசம்பர் 20. திருநள்ளாறு வாக்கியத்தைதான் ஃபாலோ பண்ணும், அதனால கூட்டமெல்லாம் டிசம்பர்லதான். நடுவுல பதினோரு மாசம் கேப். நாழிகை வித்தியாசம்னா விட்டுடலாம், பதினோரு மாசத்தை என்ன பண்றது? சனி ஒரு சுத்து வர 29.5 வருஷம், பன்னெண்டால வகுத்தா ஒரு ராசிக்கு ரெண்டரை வருஷம், அதாவது சராசரியா மாசத்துக்கு ஒரு டிகிரி. பதினோரு மாச கேப்னா, நடுவுல அது வக்கிரமா கொஞ்சம் பின்னாடி போயிட்டு வந்ததை கழிச்சாலும், வாக்கியக் கணக்கு சொல்ற இடத்துக்கும் நிஜமா சனி நிக்கிற இடத்துக்கும் பல டிகிரி தள்ளி இருக்குன்னு அர்த்தம். முழு நிலா அகலம் அரை டிகிரிதான், அதை வெச்சு நீயே யோசிச்சுக்கோ.

உடனே வாக்கியத்தை நம்புற பாட்டி கட்சி முட்டாள் கட்சின்னு முடிவு பண்ணிடாத. வாக்கியம்னா என்னன்னு முதல்ல தெரிஞ்சுக்கணும், ஏன்னா எனக்கு அது மேல பெரிய மரியாதை உண்டு. நிலா தினமும் ஒரே வேகத்துல போகாது, பூமிக்கு கிட்ட வரும்போது வேகமா போகும், தூரத்துல மெதுவா போகும். 248 நாளைக்கு ஒரு தடவை அந்த வேகத்தோட ஏத்த இறக்கம் கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வருது. அதனால 248 நாளுக்கும் நிலா எவ்வளவு நகரும்னு ஒரு டேபிள் போட்டு, ஒவ்வொரு எண்ணையும் ஒரு சின்ன வாக்கியமா மாத்தி மனப்பாடம் பண்ணிட்டாங்க. அந்த காலத்து வரருசின்னு ஒருத்தர் பண்ணதுன்னு சொல்லுவாங்க. முதல் வாக்கியம் "கீர்ந: ச்ரேய:". ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் உண்டு, ga-ன்னு படிக்கிற இந்த க-வுக்கு 3, ந-வுக்கு 0, ர-வுக்கு 2, ய-வுக்கு 1, திருப்பிப் படிச்சா 1203, அதாவது முதல் நாள் நிலா 12 டிகிரி 3 கலை (ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்குதான் கலை) நகருது. டேபிளே பாட்டா மண்டைக்குள்ள உக்காந்திருக்கு, பேப்பர் வேணாம் பேனா வேணாம்.

மெட்ராஸ் அப்சர்வேட்டரியில இருந்த ஜான் வாரன்னு ஒருத்தர், பாண்டிச்சேரியில ஒரு தமிழ் பஞ்சாங்கக்காரரை பாக்குறார். அவர் தரையில சோழிய பரப்பி, வாயில சொல் சொல்லிக்கிட்டே, சோழிய இங்க தள்ளி அங்க தள்ளி ஒரு சந்திர கிரகணத்தை கணக்கு போட்டுட்டார். 1825 மே 31 ராத்திரி வந்த கிரகணம். ஆரம்பத்துல 4 நிமிஷம்தான் பிசகு, நடுவுல 23 நிமிஷம், முடியறதுல 52 நிமிஷம். இத்தனைக்கும் இதுக்கு பின்னாடி இருக்கிற தியரி அவருக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வாரன் எழுதி வெச்சிருக்கார். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே அதுதான். ஏன் சுத்துதுன்னு தெரியாம எங்க இருக்கும்னு சொல்லிட முடியுது. கணக்கு வேற, விளக்கம் வேற. வானியல் வரலாறு முழுக்க இந்த ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒரே வீட்டுல சண்டை போட்டுக்கிட்டு ஓட்டுற கதைதான்.

சரி, வாக்கியம் எங்க சறுக்குது? எண்கள் பல நூற்றாண்டுக்கு முன்னாடி ஃபிக்ஸ் பண்ணது. கை கடிகாரம் ஒரு நாளைக்கு ஒரு செகண்ட் ஸ்லோவா ஓடுனா கண்ணுக்கு தெரியாது, அதே கடிகாரத்தை திருப்பி வைக்காம ஆயிரம் வருஷம் ஓட விட்டா நூறு மணி நேரம் பின்னாடி நிக்கும். இதை நம்ம ஆளுங்களே கண்டுபிடிச்சாங்க, வெளியில இருந்து யாரும் வந்து சொல்லல. கேரளாவுல பரமேஸ்வரர் பல வருஷம் கிரகணங்களை உக்காந்து கவனிச்சு பழைய எண்ணெல்லாம் ஒத்து வரலன்னு திருத்தி 1431ல "த்ருக் கணிதம்"னு எழுதினார். த்ருக்குன்னா பார்வை. கண்ணால பாத்து திருத்துன கணக்கு. அந்த த்ருக்தான் நம்ம வாயில திருக்கணிதம் ஆயிடுச்சு, திருவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

நம்ம ஊர்லயும் ஒருத்தர் இதுக்காக மல்லுக்கு நின்னார், பேர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்துல வானிலை ஆபீஸ் இருக்குல்ல, புயல் வந்தா எல்லா டிவிக்காரனும் மைக்கோட நிப்பானே, அந்த காம்பவுண்டுலதான் மெட்ராஸ் அப்சர்வேட்டரி இருந்துச்சு. 1792ல டெலஸ்கோப் வைக்க நிறுத்துன கருங்கல் தூண் இன்னும் நிக்குது, தமிழ்லயும் தெலுங்குலயும் எழுதியிருக்கும். ரகுநாதாச்சாரி அங்க அசிஸ்டன்ட். 1867ல ஆர் ரெட்டிகுலின்னு வெளிச்சம் கூடிக் குறையுற ஒரு நட்சத்திரத்தை கண்டுபிடிச்சார். பகல்ல பஞ்சாங்கத்தை திருத்துங்கய்யான்னு பண்டிதர்கள்கிட்ட வாதாடுவார், ராத்திரி டெலஸ்கோப் பாப்பார். உங்க வீட்டு சண்டைக்கு வயசு நூத்தம்பது வருஷத்துக்கு மேல தம்பி.

இப்ப ஆர்யபட்டா. அவர் சொன்னது என்னன்னா, பூமி தன்னைத்தானே சுத்துது, அதனாலதான் நட்சத்திரங்கள் மேற்க போற மாதிரி தெரியுது, படகுல போறவனுக்கு கரை பின்னாடி போற மாதிரி. அருமையான உவமை. பூமி ஒரு சுத்து சுத்துற நேரத்துக்கு அவர் கணக்கு 23 மணி 56 நிமிஷம் 4 செகண்ட் சொச்சம், இன்னிக்கு அளந்தாலும் அதேதான். ஆனா பூமி சூரியனை சுத்துதுன்னு அவர் சொல்லவே இல்ல. அவர் மாடல்லயும் நடுவுல பூமிதான். அந்த தற்சுழற்சியையும் நம்ம ஊர் ஆளுங்களே ஒத்துக்கல, அப்படி சுத்துனா பறந்து போன பருந்து எப்படி கூட்டுக்கு திரும்பி வரும்னு வராகமிகிரர்னு இன்னொரு வானியல்காரர் கேட்டார், பின்னாடி உரை எழுதினவங்க சிலர் அவர் அப்படி சொல்லவே இல்லன்னு பூசி மெழுகினாங்க. பருந்து கேள்வி கேக்க சிரிப்பா இருக்கலாம். ஆனா ஓடுற ரயில்ல மேல தூக்கி போட்ட காசு ஏன் கையிலயே வந்து விழுதுன்னு தெளிவா சொல்ல கலிலியோ வரைக்கும் காத்திருக்க வேண்டி வந்துச்சு, அது வரைக்கும் அது நியாயமான கேள்வி. அப்புறம் நீலகண்ட சோமயாஜி, 1500 வாக்குல, கேரளாதான், மத்த கிரகமெல்லாம் சூரியனை சுத்துது, சூரியன் அதுங்களை கூட்டிக்கிட்டு பூமியை சுத்துதுன்னு சொன்னார். கிட்டத்தட்ட இதையே டைக்கோ பிராஹேன்னு ஒரு வானியல்காரர் ஐரோப்பாவுல சொன்னது அப்புறம் எண்பது சொச்சம் வருஷம் கழிச்சு. பெருமைப்படணும்னா இதுக்கு படு, யாரும் கேள்வி கேக்க முடியாது. சொல்லாததை சொன்னதா சொல்லி ஃபார்வர்ட் பண்ணா அந்த மனுஷனுக்குதான் அவமானம்.

கிரேக்கப் பக்கம் வந்தா பெரிய தலைவலி வக்கிர கதி. செவ்வாய் கிழக்க போயிட்டே இருக்கும், திடீர்னு நின்னு சில வாரம் பின்னாடி போகும், அப்புறம் மறுபடி முன்னாடி. நீ மாம்பலத்துல இருந்து கிண்டி போற எலக்ட்ரிக் ட்ரெயின்ல உக்காந்து பக்கத்து லைன்ல மெதுவா போற ட்ரெயினை பாத்திருப்ப, அதுவும் முன்னாடிதான் போகுது, ஆனா நீ தாண்டும்போது அது பின்னாடி போற மாதிரி இருக்கும். பூமி உள் வட்டத்துல வேகமா போய் செவ்வாயை தாண்டுறதாலதான் இது. ஆனா நம்ம ட்ரெயின் நிக்குதுன்னு முடிவு பண்ணிட்டா பக்கத்து ட்ரெயினுக்கு ஏன் பைத்தியம் பிடிச்சுதுன்னு விளக்கம் கண்டுபிடிக்கணும். டாலமி கி.பி. 150 வாக்குல அதைதான் பண்ணார், பெரிய வட்டம், அது மேல ஓடுற சின்ன வட்டம், அதுவும் பத்தாம நடுவை விட்டு தள்ளி ஒரு புள்ளி, அந்த புள்ளியில இருந்து பாத்தா மட்டும் வேகம் சீரா இருக்கும். கேக்கவே சுத்துது, ஆனா 1400 வருஷம் வேலை செஞ்சுது.

சாமோஸ் ஊர் அரிஸ்டார்க்கஸ் கி.மு. மூணாம் நூற்றாண்டுலயே சூரியன்தான் நடுவுலன்னு சொல்லிட்டார். யாரும் ஏத்துக்கல. எதிர்ப்புல மூடநம்பிக்கையோட கூடவே உருப்படியான ஒரு பாயின்ட்டும் இருந்துச்சு: பூமி அவ்வளவு பெரிய வட்டம் அடிச்சா, ஜனவரியில பாக்குற நட்சத்திரமும் ஜூலையில பாக்குற நட்சத்திரமும் இடம் மாறி தெரியணுமே, ஏன் தெரியல? ஒரு கண்ணை மூடி விரலைப் பாரு, அடுத்த கண்ணை மூடி பாரு, விரல் நகருதுல்ல, அதுதான். தெரியலன்னா ஒண்ணு பூமி நகரல, இல்ல நட்சத்திரம் கற்பனைக்கு எட்டாத தூரத்துல இருக்கு. நீ அந்த காலத்துல இருந்தா எதை நம்பியிருப்ப? நான் முதலாவதைதான் நம்பியிருப்பேன், சத்தியமா.

1543ல, சூரியன்தான் நடுவுலன்னு மறுபடி சொன்ன கோப்பர்நிக்கஸ் புக் வந்துச்சு. ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்காத விஷயம், அவர் கணக்கு டாலமியை விட பெருசா துல்லியம் ஒண்ணும் இல்ல. அவரும் வட்டத்தை விடல, அதனால அவருக்கும் குட்டி வட்டங்கள் தேவைப்பட்டுச்சு. அவர் மாடலோட அழகு வேற இடத்துல: வக்கிரம் தானா வந்து விழுது, கிரகங்களோட வரிசையும் தூரமும் ஒண்ணோட ஒண்ணு பூட்டிக்குது, ஒண்ணை நகர்த்துனா எல்லாம் நகரும். டைக்கோ அதை மறுத்ததுக்கும் காரணம் இருந்துச்சு. வெறும் கண்ணால, பெரிய பெரிய கருவி கட்டி, ஒரு கலை அளவுக்கு துல்லியமா அளந்த மனுஷன் அவர், ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு, நட்சத்திரம் நகர்றது அவருக்கே தெரியல.

அந்த டைக்கோவோட அளவுகள் கெப்ளர் கையில வந்துச்சு பாரு, அங்கதான் எல்லாம் தலைகீழா மாறுது. கெப்ளர் வருஷக்கணக்கா செவ்வாயோட மல்லுகட்டி வட்டத்தை வெச்சே ஒரு மாடல் பண்ணிட்டார், எல்லாம் பொருந்துது, ஆனா சில இடத்துல 8 கலை இடிக்குது. முழு நிலாவோட அகலத்துல கால்வாசி. டாலமி காலத்து அளவுலயே பத்து கலை முன்ன பின்ன இருக்கும், அதனால அளவுதான் பிசகுன்னு சொல்லி தூங்கப் போயிருக்கலாம். ஆனா டைக்கோ 8 கலை தப்பு பண்ற ஆள் இல்லன்னு கெப்ளருக்கு தெரியும். மொத்த வேலையையும் தூக்கி போட்டார், கூடவே ரெண்டாயிரம் வருஷமா எல்லாரும் கும்பிட்ட வட்டத்தையும். 1609ல நீள்வட்டம். என்னைக் கேட்டா கலிலியோ டெலஸ்கோப்பை விட பெரிய சம்பவம் இந்த 8 கலைதான், ஆனா அதை சினிமா எடுக்க முடியாது.

கலிலியோவை வேகமா தாண்டிடறேன், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1610 ஜனவரியில வியாழன் பக்கத்துல நாலு நிலா, அதே வருஷம் கடைசியில வெள்ளி நிலா மாதிரி வளர்ந்து தேயறதை பாத்தார். வெள்ளி தேயறது டாலமியை காலி பண்ணிடுச்சு, ஆனா டைக்கோ மாடலை தொடக்கூட இல்ல, அதுலயும் வெள்ளி சூரியனைதானே சுத்துது. நட்சத்திரம் நகர்றதை நிஜமா அளந்தது 1838ல, பெஸ்ஸல். 61 சிக்னின்னு ஒரு நட்சத்திரம், அளவு ஒரு செகண்டுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல (நேரம் இல்ல, கோண செகண்ட், ஒரு கலையில அறுபதுல ஒரு பங்கு). எவ்வளவு சின்னதுன்னா, கோட்டையில ஒருத்தன் ஒரு ரூபா காசை தூக்கிப் பிடிக்கிறான், நீ பரங்கிமலை மேல நின்னு அந்த காசோட அகலத்தை அளக்குற, அவ்வளவு. அரிஸ்டார்க்கஸ் கிட்ட கேட்ட கேள்விக்கு பதில் வர ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு.

இப்ப உன் மூணாவது கேள்வி. இதுக்கு ஒரே ஆள் கதை போதும், பேர் லெ வெரியே, பிரெஞ்சுக்காரர். 1781ல கண்டுபிடிச்ச யுரேனஸ், நியூட்டன் கணக்குப்படி போக வேண்டிய பாதையில போகல. நியூட்டன் தப்பா, இல்ல கண்ணுக்கு தெரியாத ஏதோ ஒண்ணு அதை இழுக்குதா? இழுக்குதுன்னு வெச்சு லெ வெரியே கணக்கு போட்டு, இங்க பாருங்கன்னு பெர்லினுக்கு லெட்டர் எழுதினார். 1846 செப்டம்பர் 23 ராத்திரி அங்க இருந்த கல்லேன்னு ஒரு வானியல்காரர் பாத்தார், சொன்ன இடத்துல இருந்து ஒரு டிகிரிக்குள்ள நெப்டியூன் உக்காந்திருக்கு. பேனாவால கிரகம் கண்டுபிடிச்ச மனுஷன்னு கொண்டாடுனாங்க.

அதே ஆள் அடுத்து புதனைப் பாத்தார். அதோட நீள்வட்டமே மெல்ல திரும்புது, நியூட்டன் கணக்கை விட நூறு வருஷத்துக்கு சுமார் 43 செகண்ட் (அதே கோண செகண்ட்) அதிகமா. சரி, அதே ஃபார்முலா, உள்ள ஒரு கிரகம் இருக்கு, பேர் கூட வெச்சாச்சு, வல்கன். 1859ல ஒரு கிராமத்து டாக்டர் நான் பாத்தேன்னு வேற சொல்லிட்டார், லெ வெரியேவும் நம்பிட்டார். கிரகணத்துக்கு கிரகணம் தேடுனாங்க, சிலர் பாத்ததா சத்தியம் பண்ணாங்க. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. 1915ல ஐன்ஸ்டீன் ஈர்ப்புக்கு புது கணக்கு போட்டார், 43 செகண்ட் அப்படியே வந்து விழுந்துச்சு. ஒரே மனுஷன், ஒரே யோசனை, ஒரு தடவை கிரகம் கிடைச்சுது, ஒரு தடவை தியரியே கவுந்துச்சு. எது எதுன்னு முன்கூட்டியே சொல்ல யாராலயும் முடியாது, அளந்து பாத்தாதான் உண்டு.

ஆனா கவுந்த நியூட்டன் குப்பைக்கு போகல. ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் விடும்போது நாம மொட்டை மாடியில நின்னு வடக்க பாப்போமே, அந்த பாதை கணக்கு பெரும்பாலும் நியூட்டன்தான். ஆனா உன் போன்ல ஆட்டோ புக் பண்றியே, அந்த ஜிபிஎஸ் சாட்டிலைட் கடிகாரத்துக்கு ஐன்ஸ்டீன் திருத்தம் வேணும், ஒரு நாளைக்கு 38 மைக்ரோசெகண்ட், அதை விட்டா ஒரே நாள்ல பத்து கிலோமீட்டருக்கு மேல பிசகி ஆட்டோ வேளச்சேரிக்கு பதிலா எங்கயோ போய் நிக்கும். அவ்வளவு ஏன், கோளரங்கத்துல உன்னை நடுவுல உக்கார வெச்சு வானத்தை சுத்த விடுறாங்களே கோட்டூர்புரத்துல, அது அசல் பழைய மாடல்தான், யாரும் சண்டைக்கு போறதில்ல. எந்த அளவுக்கு துல்லியம் வேணுமோ அந்த அளவுக்கு மாடல்.

பிக் பேங்குக்கு வரேன், அதாவது பிரபஞ்சம் சூடா நெருக்கமா இருந்து விரிஞ்சுதுன்ற கணக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நம்ம பால்வீதிதான் மொத்த பிரபஞ்சமான்னு கூட தெரியாது. ஹென்ரியட்டா லீவிட் 1912ல ஒரு சூத்திரம் பிடிச்சாங்க, செஃபீட்னு ஒரு வகை நட்சத்திரம் எவ்வளவு மெதுவா துடிக்குதோ அவ்வளவு பிரகாசம், அப்ப துடிப்பைப் பாத்தே தூரம் சொல்லிடலாம். அந்தம்மாவுக்கு கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கல, அது தனி வயித்தெரிச்சல். அதை வெச்சு ஹபிள் 1923ல ஆண்ட்ரோமீடா தனி கேலக்ஸின்னு காட்டினார், 1929ல தூரமா இருக்கிற கேலக்ஸி வேகமா விலகுதுன்னு காட்டினார், விரிவுங்கிற யோசனையை லெமெட்ர்னு ஒருத்தர் ரெண்டு வருஷம் முன்னாடியே எழுதியிருந்தார். ஆனா ஹபிள் போட்ட விரிவு வேகத்தை வெச்சு பின்னாடி ஓட்டிப் பாத்தா பிரபஞ்சத்துக்கு வயசு ரெண்டு பில்லியன் வருஷம், பூமியில இருக்கிற பாறைக்கே அதை விட வயசு ஜாஸ்தி! அம்மாவை விட பொண்ணு மூத்தவ. மானம் போற விஷயம், ஆனா யாரும் மறைக்கல. 1952ல பாடேன்னு ஒரு வானியல்காரர் வந்து செஃபீட்ல ரெண்டு வகை இருக்கு, நீங்க ரெண்டையும் கலந்துட்டீங்கன்னு சொல்ல, தூரமெல்லாம் ஒரே ராத்திரியில டபுள் ஆச்சு.

அதுக்குள்ள ஹாயில்னு ஒரு விஞ்ஞானியோட கோஷ்டி ஆரம்பமே இல்லாத நிலைத்த பிரபஞ்சம்னு 1948ல ஒரு போட்டி மாடல் கொண்டு வந்தாங்க, நல்ல மாடல்தான், பிக் பேங்ன்ற பேரே அந்த ஹாயில் ரேடியோவுல சொன்னதுதான். 1964, 65ல பென்சியாஸ், வில்சன் ரெண்டு பேரும் ஆன்டெனாவுல ஒரு இரைச்சல் போகலன்னு புறா எச்சத்தையெல்லாம் கழுவி பாத்தாங்க, போகல. வானம் பூரா எந்த திசையில பாத்தாலும் அதே இரைச்சல், சூடா இருந்த பழைய பிரபஞ்சம் ஆறி மிச்சம் வெச்ச 2.7 கெல்வின் வெப்பம். நிலைத்த பிரபஞ்சத்தால அதுக்கு ஒழுங்கா பதில் சொல்ல முடியல.

இடையில நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்லாம விட மனசு வரல. பிரசிடென்சி காலேஜ் முடிச்சுட்டு 1930ல கப்பல் ஏறுன சந்திரசேகர், பத்தொம்பது வயசு, செத்துப்போன நட்சத்திரத்தோட எடை சூரியனை விட 1.4 மடங்குக்கு மேல போனா தாங்காதுன்னு கணக்கு போட்டார். 1935ல லண்டன் வானியல் சபையில எடிங்டன்னு ஒரு பெரிய விஞ்ஞானி அதை கிண்டலடிச்சு உக்கார வெச்சார். எந்த எடிங்டன்? 1919 கிரகணத்துல ஐன்ஸ்டீன் சொன்னது சரின்னு அளந்து காட்டுன அதே எடிங்டன். பெரிய ஆளும் அடுத்த கதவு திறக்கும்போது வாசல்ல மறிச்சு நிப்பார். நோபல் 1983ல வந்துச்சு, இவருக்கு வயசு எழுபத்தி மூணு.

அப்ப பிக் பேங் நாளைக்கு தப்பாகுமா? பிரபஞ்சம் சூடா நெருக்கமா இருந்து விரிஞ்சுதுன்ற பகுதி மாறும்னு நான் நினைக்கல, பூமி சுத்துதுன்றது எப்படி மாறாதோ அப்படி. ஆனா அதுக்கு மேல கட்டுன மாடில விரிசல் இருக்கு. இப்போதைய கணக்குல நாம பாக்குற சாதாரண பொருள் வெறும் 5 சதவீதம், 27 சதவீதம் இருண்ட பொருள், மிச்சம் இருண்ட ஆற்றல், ரெண்டும் என்னன்னு தெரியாது. கேலக்ஸிகள் இருக்க வேண்டியதை விட வேகமா சுத்துது, அதனால கண்ணுக்கு தெரியாத ஏதோ இழுக்குது. கேட்ட மாதிரி இருக்குல்ல? நெப்டியூனா வல்கனா, அதுதான் கேள்வி. நான் நெப்டியூன் பக்கம்தான் சாய்வேன், ஏன்னா கேலக்ஸி சுழற்சி மட்டும் இல்ல, அந்த பழைய வெப்பத்துல இருக்கிற புள்ளிகளும் அதே அளவு இருண்ட பொருளை கேக்குது. பந்தயம் கட்ட சொன்னா கட்ட மாட்டேன். இன்னொண்ணு, விரிவு வேகத்தை பழைய வெப்பத்துல இருந்து கணக்கு போட்டா 67 (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு தூரத்துக்கு செகண்டுக்கு இத்தனை கிலோமீட்டர்), பக்கத்து கேலக்ஸிகளை வெச்சு அளந்தா 73 வாக்குல வருது. இந்த ஆறு வித்தியாசம், கெப்ளரோட 8 கலை மாதிரியான்னு உலகம் பூரா மண்டையை உடைச்சுக்கிட்டு இருக்காங்க.

பாட்டி மேட்டர்: என்னிக்கு எள்ளு தீபம் போடுறதுன்றது அவங்க வழக்கம், அதுல நானும் டெலஸ்கோப்பும் தலையிட முடியாது, பெரியப்பாவும் தலையிடாம இருக்கலாம். சனி இன்னிக்கு எங்க நிக்குதுன்றதை மட்டும் பாத்துக்கலாம். மழை மேகம் இல்லாத ஒரு சாயங்காலம் மொட்டை மாடிக்கு வா, ஆறு இன்ச் டெலஸ்கோப்தான், மெட்ராஸ் வெளிச்சத்துலயும் வளையம் தெரியும். பாட்டியையும் கூட்டிட்டு வா, லிஃப்ட் நாலாவது மாடி வரைக்கும்தான், கடைசி பதினாலு படிக்கு கைப்பிடி இருக்கு.